சுமார்தாங்க

"சுமார்தாங்க" என்று தாரணி சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகும் அந்தச் சொல் போகாமல் அறைக்குள்ளேயே நின்றது. சுலோச்சனா அம்மா அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "அப்புடிங்களா கண்ணு" என்றார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "இரு, காப்பி போட்டுட்டு வாரேன், வெயில்ல வந்திருக்கறே" என்று சமையலறைக்குப் போய்விட்டார். கோபம் இல்லை, கேள்வி இல்லை, ஏன் என்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டிருந்தால் மூலை மழுங்கல், ஓரத்தில் நைவு, ஈரம் என்று ஏதாவது அளந்திருக்கலாம், அளக்கும்போதே பொய் எங்காவது இடறி விழுந்திருக்கும். ஒரே சொல்லில் முடிந்துபோன பொய்க்கு இடறி விழ இடமே இல்லை.

உள்ளே லைட்டர் டிக் டிக்கென்றது, பற்றவில்லை, மறுபடி டிக்கென்றது. தாரணி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை ஈரமாகிவிட்டது, ஈரக் கையால் அட்டையைத் தொடக்கூடாது என்று இந்த நேரத்திலும் மனம் ஒரு பக்கம் எச்சரித்தது. முன்னால் டீப்பாயின் மேல், பட்டுப்புடவை வாங்கினால் கடையில் தரும் நீளமான அட்டைப்பெட்டி. அதற்குள் கிரிக்கெட் அட்டைகள். பபிள்கம் உறைக்குள் ஒன்று ஒன்றாக வந்தவை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கம்மைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட காலத்தவை, தாரணி பிறப்பதற்கும் முந்தியவை. சேர்த்தவர் கனகராஜ், சுலோச்சனா அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மில் மூடியபின் வேறு எந்த வேலையிலும் தங்கவில்லை, போன ஆடியில் நெஞ்சுவலியில் போய்விட்டார். இந்த வீட்டை வாடகைக்கு விடப்போகிறார்கள், பெரியண்ணன் திருப்பூரில் இருந்துகொண்டு குப்பையையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொல்கிறார். இதெல்லாம் வந்து உட்கார்ந்ததுமே அந்த அம்மா சொன்னது. அப்புறம் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வெலயெல்லாம் வேண்டாங் கண்ணு. அவன ஊரே ஆகாவழின்னுதான் சொல்லுச்சு. இதெல்லாம் ஒரு பொருளான்னு மட்டும் பாத்துச் சொல்லிப்போடு, அது போதும் எனக்கு" என்றார். அது போதும் எனக்கு. கேட்டது அவ்வளவுதான். அதற்குத்தான் தாரணி சுமார்தாங்க என்றாள்.

அது திட்டம் போட்டுச் சொன்னதில்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. வாங்கப் போகிற வீட்டில் முகம் மலரக்கூடாது என்பது சேகரிப்பவர்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம். நல்லது கண்ணில் பட்டால் அதைத் தாண்டிப் போய் வேறொன்றை எடுத்துப் பார்க்க வேண்டும், உதட்டைப் பிதுக்க வேண்டும், சுமார் என்று சொல்ல வேண்டும். போத்தனூர் வில்சன் ஒருமுறை அவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார், வாயில சுமார் வரணும், கண்ணுல ஒண்ணுமே வரக்கூடாது என்று. எல்லோரும் சிரிப்புப் படம் போட்டார்கள், தாரணியும் போட்டாள். அந்தக் குழுவில் அவளை யாரும் பார்த்ததில்லை. தன் படத்துக்குப் பதில் ஒரு பழைய கிரிக்கெட் மட்டையின் படம் வைத்திருந்ததால் ஆண் என்றே நினைத்துக்கொண்டார்கள். தாரணி ப்ரோ, இந்த மூலை ஓகேவா பாருங்க. தாரணி ப்ரோ, இது வெட்டின ஓரமா. ப்ரோ சொன்னா சரிதான். கல்லூரியில் மூன்று வருடமும் வருகைப் பதிவுக்கு உள்ளேன் ஐயா என்று சொல்வதற்கே தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த ப்ரோ ஒரு போர்வை. போர்வைக்குள்ளிருந்து பேசினால் குரல் நடுங்குவதில்லை. ஓரத்தின் வெள்ளை நைவு, நான்கு பக்கமும் விளிம்பு சமமாக இருக்கிறதா, ரப்பர் பேண்டு போட்ட தடம், கம்மின் மீது தூவிய மாவு ஒட்டிப் பளபளப்பு செத்துப்போன இடம், எல்லாம் அவள் கண்ணுக்குத் தெரியும். சிறு வயதிலிருந்து பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தவளின் கண். இன்று முதல்முறையாகப் போர்வை இல்லாமல் ஒரு வீட்டுக்குள் வந்தாள், வந்த இடத்தில் ப்ரோதான் வாயைத் திறந்தது.

கனகராஜ் ஓர் அட்டைக்குக்கூட ரப்பர் பேண்டு போடவில்லை. பெட்டியைத் திறந்ததும் தாரணிக்கு முதலில் வந்தது கிராம்பு வாசனைதான். பூச்சி வராமலிருக்க மூலைக்கு ஒரு பொட்டலம் கிராம்பு. ஒவ்வொரு அட்டைக்கும் இடையில் மெல்லிய வெண்ணெய்த்தாள், அட்டை அளவுக்கே கத்தரித்தது, கத்தரித்த கை அவசரப்படவில்லை. அந்த வயதில், அந்த ஊரில், யார் இப்படி வைத்தார்கள்? மற்றப் பையன்கள் அட்டைகளைச் சுவரில் அடித்து விளையாடினார்கள், பந்தயம் கட்டித் தோற்றார்கள், சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகிப் படபடவென்று ஓட்டினார்கள், மழையில் நனைந்த சட்டைப்பையிலேயே விட்டுவிட்டார்கள். அதனால்தான் இன்று நல்லவை இல்லை. இங்கே ஒவ்வொன்றும் நேற்று உறையைப் பிரித்ததுபோல. எடுக்க எடுக்க அவளுக்குக் காது சூடாகிக்கொண்டே வந்தது, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள். அப்போதுதான் அது வந்தது. கண்ணாடி அட்டை. அந்த வரிசையில் ஒரே ஒரு ஆட்டக்காரரின் படத்தை அச்சகத்தில் இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். வலக்கைக்காரர் இடக்கையால் அடித்துக்கொண்டிருப்பார், கண்ணாடியில் பார்த்ததுபோல. தப்பு தெரிந்து சீக்கிரமே திருத்திவிட்டார்கள். திருத்துவதற்குள் கடைகளுக்குப் போனவை கொஞ்சம், அதில் மிஞ்சியவை அதிலும் கொஞ்சம். தாரணி அதைத் திரையில்தான் பார்த்திருக்கிறாள், அதுவும் நடுவில் மடிந்தது. இது மடியவில்லை. நான்கு மூலையும் குத்தும் போல இருந்தன. அவள் அதை மற்றவற்றைவிடக் குறைந்த நேரம் பார்த்தாள். வேண்டுமென்றே. தாளை மூடினாள், அடுத்ததை எடுத்தாள், அதன் பின்பக்கத்தை அக்கறையாகப் படிப்பதுபோலப் பாவனை செய்தாள், உதட்டைப் பிதுக்கினாள். பார்த்துக்கொண்டே இருந்தார் அந்த அம்மா. அட்டையை அல்ல, அவள் உதட்டை. பரீட்சை முடிவு ஒட்டும் பலகைக்கு முன்னால் நிற்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

நல்லா இல்லை என்று சொன்னால்கூடச் சண்டை போடலாம். அசிங்கம் என்றால் அழலாம். சுமார் என்பதற்கு எதிராக என்ன செய்ய முடியும்? தாரணிக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். அவள் பள்ளிக்கூடம் முடித்த வருடம், சித்தி மகள் கல்யாணத்தில் போட்டோக்காரர் அவளை ஓரத்துக்கு நகரச் சொன்னபோது, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் இருந்த ஒருத்தி இன்னொருத்தியிடம், "பொண்ணோட தங்கச்சியா? சுமார்தான்" என்றாள். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. பந்தியில் சாம்பாரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். தாரணி சிரித்துக்கொண்டே படத்துக்கு நின்றாள். அந்தப் படத்தில் இன்றும் சிரிக்கிறாள். அம்மாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் என்ன சொல்லிட்டாங்கடி அப்படி என்பாள், அதுவும் சரிதானே, என்ன சொல்லிவிட்டார்கள்? அந்தச் சொல்லில் காயம் என்று எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் முதலில் முகம் வருவதில்லை, அந்தச் சொல் வருகிறது. இவ்வளவும் தெரிந்தவள்தான், இவ்வளவும் தெரிந்த வாயால்தான். செத்துப்போன ஒரு மனிதர் கிராம்பும் வெண்ணெய்த்தாளும் வைத்துக் காத்ததை, ஊரெல்லாம் ஆகாவழி என்று சொன்னவர் யாரும் பார்க்காதபோது இவ்வளவு நேர்த்தியாக இருந்ததை, சாம்பாரைச் சொல்வதுபோல.

சரி, இப்போது போய்ச் சொல்லிவிடலாம். சமையலறை வாசலில் போய் நின்று, அம்மா, நான் சரியாகப் பார்க்கவில்லைங்க, வெளிச்சம் பத்தலை. வெளிச்சத்தின் மேல் பழி போடலாம். ஜன்னல் வழியே மத்தியான வெயில் டீப்பாய் மேலேயே விழுந்துகொண்டிருந்தது, தூசி பறப்பதுகூடத் தெரிந்தது. அப்படியானால், திரும்பப் பார்த்தேங்க, ஒன்று இரண்டு நன்றாக இருக்கிறது. ஒன்று இரண்டு. பார், அதற்குள் ஒன்று இரண்டு. உண்மையைச் சொல்லப் போகும்போதும் அதன் மூலையைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டுதான் போகிறாய். அப்படியே சொன்னாலும், பின்னே ஏன் அப்படிச் சொன்னே என்று கேட்பாரே. கேட்டால்? வாங்க வந்தேன், அதனால் சொன்னேன். விலையெல்லாம் வேண்டாம் என்கிற அம்மாவிடம். போர்வை இல்லாமல் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், அந்த அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு. உள்ளே பால் பொங்கும் சத்தம், அடுப்பை அணைக்கும் சத்தம், பிறகு சத்தமே இல்லை. காப்பி ஆற்ற இவ்வளவு நேரமா? அழுகிறாரோ. தாரணி காதைத் தீட்டிக்கொண்டாள், தீட்டிக்கொண்டே, வெட்கமில்லாமல், பெட்டியின் மேல்பக்கத்திலிருந்து எத்தனையாவது தாளுக்குக் கீழே கண்ணாடி அட்டை இருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டாள். இன்று ராத்திரி குழுவில் படத்தைப் போட்டால் என்ன ஆகும் என்றும் தோன்றியது. ப்ரோ!! தூக்கிட்டீங்க ப்ரோ! எங்க கெடச்சுது? ஒரு வீட்டுல, சுமாரான கலெக்‌ஷன் நடுவுல. சிரிப்புப் படங்கள். வில்சன் கைதட்டுவார். அந்தக் கைதட்டல் அவளுக்கு வேண்டியிருந்தது. அதுதான் நிஜம், அது வேண்டியிருந்தது, இப்போதும், இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும்.

சுலோச்சனா அம்மா வந்தார். முகம் கழுவியிருந்தார், முன்னுச்சி முடி ஈரமாக ஒட்டியிருந்தது. டம்ளரைத் தந்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, ஏதோ பெரிய வேலை முடிந்தவர்போல மூச்சு விட்டார்.

"சர்க்கர போதுமா பாரு."

"போதுங்க."

"நானுங்கூடக் கொஞ்சம் ஆசப்பட்டுப்போட்டேன் பாரேன்" என்று சிரித்தார். "டீவில காட்றாங்கல்ல, பழைய காசு, பழைய ஸ்டாம்பு, அப்புடியிப்புடின்னு. அதயப் பாத்துட்டு எங்கயாச்சு என்ற தம்பி செஞ்சதுலயும் ஒரு அர்த்தம் இருக்குமோன்னு. பைத்தியக்காரி."

"அப்படியெல்லாம் இல்லைங்க…"

"குடி, ஆறிப்போகும். அவன் இதுக்குன்னே ஒரு கத்தரி வெச்சிருந்தான் கண்ணு. வீட்ல ஒருத்தரு அதயத் தொடப்படாது. நகம் வெட்டப்படாது, நூல் வெட்டப்படாது. எங்கப்பா ஒருநா கோவத்துல அதயத் தூக்கிக் கெணத்துல வீசிப்போட்டாரு. ரெண்டு நாளு சோறு திங்கல அவன். கத்தரிக்காகச் சோறு திங்காதவன எங்கியாச்சு பாத்திருக்கறயா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தாரணியும் சிரிக்க வேண்டிய இடம் அது. அவள் காப்பியை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். வெண்ணெய்த்தாள்களின் ஓரம் கண்ணில் வந்து வந்து போனது. இப்போது. இப்போது சொல். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அதுல ஒண்ணு ரெண்டு… நல்லாவே இருக்குதுங்க."

தன் காதுக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள். சுலோச்சனா அம்மா சாய்ந்து அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். "எம் மனசு நோகும்னு சொல்ற. நல்ல புள்ள. மொதல்ல வாய்ல வந்ததுதாங் கண்ணு நெசம், அப்பறஞ் சொல்றதெல்லாம் மரியாதிக்கு. எனக்குத் தெரியாதா?" என்றார். என்ன செய்ய முடியும் அதற்கு மேல்? சொல்லியாகிவிட்டது. நம்பாதது அவர்பாடு. தாரணிக்குள் ஏதோ ஒன்று இறுக்கம் விட்டு உட்கார்ந்தது, அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நம்பக்கூடாத குரலில்தான் அவள் சொன்னாள். நம்பிவிடக் கூடாதே என்றுதான் அந்தக் குரல் அப்படி வந்தது. முகம் எரிந்தது. குனிந்து டம்ளரை எடுத்தாள், அதில் ஒன்றுமில்லை, ஆனாலும் குடித்தாள்.

"ஒண்ணு பண்ணு அம்மிணி" என்றார் அவர் எழுந்துகொண்டே. "இதய நீயே கொண்டு போயிரு. பேப்பர்காரங்கிட்டப் போடறதுக்கு மனசு வரல. நீ ஓரத்தப் புடிச்சு எடுத்தயல்ல, தொட்டும் தொடாம, அவனும் அப்புடித்தான் எடுப்பான். நீயாச்சும் வெச்சுக்க. காசு கீசுன்னு பேச்செடுத்தே, அடிச்சுப்போடுவேன்."

வேண்டாங்க என்று தாரணி சொன்னாள். வேண்டாம் என்று ஒருமுறைதான் சொன்னாள். நம் பக்கத்தில் மூன்று முறையாவது வேண்டாம் என்றால்தான் அது வேண்டாம். அது அவளுக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். பெட்டி கைக்கு வந்துவிட்டது. நினைத்ததைவிடக் கனம் குறைவு. வாசலுக்கு நடந்தாள். உடம்பு மட்டும் ஒழுங்காக வேலை செய்தது, நிலையில் இடித்துவிடாமல் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் திருப்பிக்கொண்டது, செருப்பைத் தேட வலது காலை நீட்டியது. பஸ்ஸில் கூட்டம் இருக்கும், ஆட்டோவில் போய்விடலாம், மேலே துணி போட்டு மூட வேண்டும். இதையெல்லாம் யாரோ நினைத்தார்கள். அவள் இல்லை, அவளேதான். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்து வைத்தபின் நிதானமாக ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றும் யாரோ நினைத்தார்கள். நிதானமாக ஒரு நாள். அந்த நாள் வராது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வராத நாட்களை அவளுக்கு நன்றாக அடையாளம் தெரியும். மன்னிப்புக் கேட்க நினைத்த நாள், அந்தக் கல்யாணப் படத்தைக் கிழிக்க நினைத்த நாள், குழுவில் நான் பெண் என்று எழுத நினைத்த நாள், எல்லாம் அந்த வரிசையில்தான் நிற்கின்றன. உள்ளே போன் அடித்தது. சுலோச்சனா அம்மாவுக்குக் காது சற்று மந்தம்போல, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்.

"என்ன சுலோச்சனா, யாரோ வந்து பாக்கறாங்கன்னியே, பாத்தாச்சா?" ஆண் குரல், பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் இரைச்சல். திருப்பூர் அண்ணன்.

"பாத்தாச்சுங்ண்ணா."

"என்னமோ பெருசாச் சொன்னே? கோடி ரூவா போகுமா?"

"இல்லீங்ண்ணா. சுமார்தானாம்."

சிரிப்பு, மெஷின் இரைச்சலோடு சேர்ந்து. "நாந்தான் அன்னைக்கே சொன்னனல்ல? பொறந்ததுலருந்து அவன் செஞ்சது எது உருப்புடியா இருந்துச்சு, இது இருக்கறக்கு? ஆகாவழி எதயச் சேத்தாலும் குப்பதான்."

இத்தனை வருடமாக எதிர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான் போல சுலோச்சனா அம்மா, இன்று அதை நிறுத்திவிட்டார். "ஆமாங்ண்ணா" என்றார். "நீங்க சொன்னதுதான் செரி. படிச்ச புள்ள, அதுவே பாத்துச் சொல்லிப்போடுச்சு." குரலில் அழுகை இல்லை. இருந்திருந்தால் தாரணி செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பாளோ என்னவோ. ஒப்புக்கொண்ட குரல் அது, இனி எப்போதும் அப்படியே இருக்கப்போகிற குரல். நாளை இதே குரலில் பக்கத்து வீட்டில் சொல்வார், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் சொல்வார், திதிக்குச் சொல்வார். தாரணியின் வலது காலில் செருப்பு ஏறிவிட்டது, இடது கால் வெறும் காலாக இருந்தது. ஒரு காலில் செருப்போடு வீட்டுக்குள் போகக்கூடாது என்று தோன்றியது, அதைக் கழற்ற நின்றால் போகமாட்டோம் என்றும் தோன்றியது. செருப்போடேயே உள்ளே போனாள். பெட்டியை டீப்பாயின் மேல் வைத்தாள். சுலோச்சனா அம்மா போனைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார்.

"சுமார் இல்லைங்க" என்றாள் தாரணி. வகுப்பில் அவளுக்கு ஒருநாளும் வராத சத்தம் வந்தது, அறையே சற்றுப் பின்வாங்கியது. "நான் பொய் சொன்னேன். வாங்கிட்டுப் போகணும்னு பொய் சொன்னேன். எங்க குழுவுல இத்தன பேரு சேக்கறோம், ஒருத்தர்கிட்டயும் இப்படி இல்லைங்க. இதுல ஒரு அட்டை இருக்கு, அதைப் பாக்கறதுக்கே ஆளுங்க வெளியூர்லருந்து வருவாங்க. எல்லாமே… எல்லாமே ரொம்ப நல்லா இருக்குதுங்க."

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "யாரது பேசறது? அந்தப் புள்ளயா?" என்றது போன். "ஏம்மா, அப்ப எவ்வளவு போகும்? ஏ சுலோச்சனா, அதய யாருகிட்டயும் குடுத்துப்போடாத, எவ்வளவு போகும்னு கேளு!"

சுலோச்சனா அம்மா போனை இறக்கித் தொடையோரம் பிடித்துக்கொண்டார். அண்ணன் குரல் புடவை மடிப்புக்குள் முனகியது. "அப்ப அவன் நல்லாத்தான் வெச்சிருந்தானா?" என்று கேட்டார்.

"நான் பாத்ததுலயே நல்லா வெச்சிருந்தது அவருதாங்க."

அந்த அம்மா தலையை ஆட்டினார். மெல்ல, தெரிந்த விஷயத்தைக் கேட்பவர்போல, ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு போனைத் தூக்கி, "ஏனுங்ண்ணா, கேட்டுச்சா? கேட்டுச்சா உங்களுக்கு?" என்று கத்தினார். அது சண்டையா சந்தோஷமா என்று சொல்ல முடியாத குரல். அண்ணன் விலையையே கேட்டுக்கொண்டிருந்தார். இவர் கேட்டுச்சா என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். தாரணி ஒரு காலில் செருப்போடு நடு வீட்டில் நின்றாள். ஏன் அப்படிச் சொன்னே என்று அடுத்து கேட்பார்கள், கேட்டுத்தானே ஆகவேண்டும் என்று காத்திருந்தாள். போன் பேச்சு நீண்டுகொண்டே போனது. சுலோச்சனா அம்மா ஒருமுறை அவள் பக்கம் திரும்பி, உட்காரு கண்ணு, இன்னொரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ என்று சைகை காட்டினார். கண் நிறைந்து, சிரித்துக்கொண்டு. ஏன் அப்படிச் சொன்னே என்று மட்டும் இரண்டு பேருமே கேட்கவில்லை.